பொருநைக்கரை ஏடுகள்

திருநெல்வேலிச் சீமையின் பழம்பெருமை கூறப் புகுவார் பலரும் நெல்லையப்பர் திருக்கோயிலின் தாமிரசபையையும், இசைத்தூண்களையும், ஆதிச்சநல்லூரிற் கண்ட தாழிகளையும் எடுத்துரைத்து அமைவர். அவை யாவும் போற்றத்தக்கனவே. ஆயினும், கல்லிலும் மண்ணிலும் அன்றிப் பனையோலையில் நின்ற செல்வம் ஒன்றும் இப்பொருநை நாட்டிற்கு உண்டு. அது நின்றவாறும் அழிந்தவாறும் ஈண்டுச் சிறிது கூறுதும்.

ஏடு பயிலாதார் பொருட்டு ஒன்று முன்னர்ச் சொல்லல் வேண்டும். ஏட்டெழுத்திற் பெரும்பாலும் புள்ளி இல்லை. எழுத்தாணி முனை ஓலையைத் துளைத்துவிடும் என்று அஞ்சி அதனை விட்டனர். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேற்றுமை இல்லை. காலும் ரகரமும் ஒரு வடிவின. ஆகவே காடும் கரடும் ஏட்டில் ஒன்றே. கொடுவும் கோடும் ஒன்றே. செய்யுளும் அடிபிரியாது உரைநடைபோல் ஓடும். எம் இளமையில், மடத்துப் பாடசாலையில், காடு என்று படித்தற்குரிய இடத்துக் கரடு என்று யாம் உரக்கப் படிக்க, ஆசிரியர் நகைத்து, "பொருளைப் பார்த்துப் படி, எழுத்தைப் பார்த்துப் படியாதே" என்றனர். ஏடு மட்டும் இருந்தாற் போதாது, அதனைச் சொல்லிக்கொடுக்கும் வாயும் வேண்டும் என்பது அன்று எமக்கு விளங்கிற்று.

அவ்வாய் இந்நாட்டில் நெடுங்காலம் இடையறாது இருந்தது. திருநெல்வேலியில் மயிலேறும் பெருமாள் பிள்ளை என்பார் கல்லாடத்திற்கு உரை கண்ட பெரும்புலவர். அவரிடம் தமிழும், செப்பறையில் கனகசபாபதி சிவாசாரியரிடம் வடமொழியும் கற்றவர் சுவாமிநாத தேசிகர். திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பினதாய நெல்லை ஈசான மடத்தில் இருந்தமையால் ஈசான தேசிகர் எனவும் பெற்ற இவர், இலக்கணக்கொத்து இயற்றினார். இவர்தம் மாணாக்கர் சங்கர நமச்சிவாயர், ஊற்றுமலை மருதப்பத் தேவர் வேண்டுகோட்கு இணங்க நன்னூலுக்கு விருத்தியுரை வகுத்தனர். அவ்வுரையைப் பின்னர்த் திருத்திப் புதுக்கியவர் சிவஞான முனிவர். அதனால் அது புத்தம்புத்துரை என்று வழங்குவதாயிற்று. ஒருவர் கையில் இருந்த ஏடு மற்றொருவர் கைக்கு விளக்கத்தோடு சென்ற முறை இது. அரசும் பெரும்பொருளும் இம்முறைக்கு உதவினவேயன்றி, அவையே இதனை ஆக்கவில்லை என்பது எம் கருத்து.

சிவஞான முனிவரும் இவ்வாற்றங்கரையினரே. பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் ஆனந்தக்கூத்தருக்கும் மயிலம்மைக்கும் மகனாய்த் தோன்றிய முக்களாலிங்கர், பள்ளியினின்று மீளும் வழியிற் கண்ட துறைசைத் தம்பிரான்களை இல்லத்திற்கு அழைத்து அமுது செய்வித்தார் என்பது வரலாறு. அச்சிறுவரே பின்னர்ச் சிவஞானபோதத்திற்கு மாபாடியம் தந்தருளினார். 1785-ஆம் ஆண்டில் முனிவர் சிவபதம் எய்திய பின்னும், அப்பெருநூல் நெடுங்காலம் ஏட்டளவிலேயே இருந்து, இருபதாம் நூற்றாண்டிலேயே முற்றும் அச்சேறியது. அதுகாறும் அதனைக் காத்தது திருமடமே.

மடங்களேயன்றி மனைகளும் காத்தன. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டு ஏடு தேடி இப்பக்கம் வந்தபோது, திருநெல்வேலித் தெற்குப் புதுத்தெருவிற் கவிராயர் மனையில் ஏடுகள் முறையாக அடுக்கப்பெற்று இருந்தமை கண்டு வியந்தனர். ஆழ்வார்திருநகரியில் லக்ஷ்மண கவிராயர் வாயிலாக ஓர் ஏடு கிடைத்தது. நிலவொளியிற் பிரித்து நோக்க, முல்லைப்பாட்டு கண்ணிற் பட்டது. 1889-இல் பத்துப்பாட்டு அச்சில் வெளிவந்தது. திருமுருகாற்றுப்படையை முதலாகக் கொண்ட தொகையை வைணவத் திருப்பதி ஒன்று நமக்கு அளித்தது. சமயப்பூசல் வளர்ப்பார் இதனைச் சற்றே நினைப்பாராக.

இனிக் கூறுவது துன்பம் தருவது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில், வரகுணராம பாண்டியர் தொகுத்த ஏடுகள் இருந்தன என்று கேட்டு ஐயரவர்கள் அங்கும் சென்றனர். பழுதுற்ற ஏடுகளை ஆகம விதிப்படி குழிவெட்டித் தீ வளர்த்து, நெய்யில் தோய்த்து ஆகுதி செய்துவிட்டதாக அங்குள்ளார் விடை கூறினர். ஆடிப் பதினெட்டிற் பழஞ்சுவடிகளை ஆற்றில் விடும் வழக்கமும் தமிழ்நாட்டில் இருந்தது. திருஞானசம்பந்தப் பெருமான் இட்ட ஏடு மதுரையில் தீயில் வேவாது, வைகையில் எதிரேறியது. அத்திருவருட் செயலை நம் அயர்ச்சிக்குப் போர்வையாக்கல் தகாது. கரிவலம்வந்தநல்லூரார் பகைமையால் எரித்தாரல்லர். தூய்மை கருதியே செய்தனர். ஓதுவார் அற்ற இடத்து ஏடு வெறும் ஓலையாகத் தோன்றுதல் இயல்பு. தில்லையில் திருமுறைச் சுவடிகளைச் செல் மூடியதும் ஓதுவார் இன்றிப் பூட்டிய அறையிலன்றோ?

சென்ற ஆண்டு இவ்வாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில், அடுக்களைப் பரண்மேற் கிடந்த கட்டு ஒன்றை எம்மிடம் கொணர்ந்தனர். நிலக்கணக்கு என்றே அவ்வீட்டார் எண்ணியிருந்தனர். மேலிருந்த இரண்டு ஏடுகள் கணக்கே. மூன்றாவது சிவஞானசித்தியார் சுபக்கம். அதன் பின்னுள்ளவை ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன. புல்தைலம் தடவி நிழலில் வைத்துள்ளோம். நெகிழ நெகிழப் பிரித்து வருகின்றோம்.