பாட்டின் பலன் யாருக்கு? மலேசியத் தமிழ் இசைக் கலைஞரும் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும்

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா பகுதியில் ஒரு துணிக்கடை தமிழ்ப் பாட்டொன்றை ஒலிக்கவிடுகிறது என்று கொள்வோம். அந்த ஒரு பாட்டில் மூன்று உரிமைகள் அடங்கியுள்ளன: வரிகளும் மெட்டும், ஒலிப்பதிவு, பாடகரின் நிகழ்த்துகை. முதலாவதற்கு 1989-இல் தொடங்கிய எம்.ஏ.சி.பி. அமைப்பும், இரண்டாவதற்கு ஒலிப்பதிவு நிறுவனங்களின் சார்பில் பி.பி.எம். அமைப்பும் உரிமக் கட்டணம் வசூலிக்கின்றன. ஏட்டளவில் இது நேர்மையான பங்கீடு. ஆனால் வசூலான பணம் எவர் கைக்குப் போகும் என்பதை ஒப்பந்தமே தீர்மானிக்கிறது. அந்த இடத்தில் சட்டம் கலைஞரைக் கைவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் இரண்டு பிரிவுகள் சான்று. கூலி கொடுத்து ஆக்கச் சொன்ன படைப்பின் பதிப்புரிமை, மாற்று ஒப்பந்தம் இல்லையேல், ஆக்கச் சொன்னவருக்கே மாறிவிட்டதாகப் பிரிவு 26 கொள்கிறது. மூன்றாவதான நிகழ்த்துகைக்குப் பாடகருக்கு நியாயமான ஊதியம் உண்டு என்கிறது பிரிவு 16பி. ஆனால் ஒரே தவணையில் கொடுத்துவிட்டார்கள் என்பதற்காக மட்டும் அது நியாயமற்றதாகாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. எனவே பிரிக்பீல்ட்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு கையெழுத்திடும் இளைஞருக்கு, அந்தப் பாட்டு பிற்காலத்தில் எவ்வளவு புகழ் பெற்றாலும் கேட்க எதுவும் மிஞ்சாமற் போகலாம்.

இந்தியாவும் இதே நிலையில்தான் இருந்தது. ஊதியம் கொடுத்து இசையமைக்கச் செய்த தயாரிப்பாளரே, மாற்று ஒப்பந்தம் இல்லாதவிடத்து, முதல் உரிமையாளர் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எக்கோ, மலேசியாவின் அகி மியூசிக் உள்ளிட்ட நிறுவனங்களுக்கு எதிராக 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் சென்ற இசையமைப்பாளர் இளையராஜா, தம் பாடல்களின் உரிமைக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டியிருந்தது. அவரால் தாக்குப்பிடிக்க முடிந்தது; கிள்ளானின் புதுப் பாடகரால் முடியுமா?

2012-இல் இந்தியா சட்டத்தைத் திருத்தியது. திரையரங்கில் படம் காட்டுவது நீங்கலாக, மற்றப் பயன்பாடுகளில் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் பெறவேண்டிய சமபங்கு ராயல்டியை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி எவருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது, எழுதினாலும் செல்லாது.

முதல் போடுபவர் நிறுவனத்தார், நட்டமும் அவர்களுடையதே என்பது எதிர்வாதம். அதில் நியாயம் உண்டு. அந்தத் துணிச்சலுக்கு ஈடாகத்தான் ஒலிப்பதிவின் உரிமையைச் சட்டம் அவர்களுக்குத் தனியே தந்திருக்கிறது. படைத்தவரின் பங்கையும் சேர்த்து எடுத்துக்கொள்ள அது காரணமாகாது.

ஆகவே சட்டத்தால் பயனடைவோர் உரிமையைக் கையில் வைத்திருப்போர். அவர்கள் பெரும்பாலும் கலைஞர்கள் அல்லர். பிரிவு 26-இல் படைப்பாளியின் ராயல்டிப் பங்கை விற்க முடியாததாக்கி, 16பி-யின் ஒரே தவணை விலக்கை நீக்கினால், மலேசியச் சட்டம் தான் காப்பதாகச் சொல்லும் கலைஞரை உண்மையிலேயே காக்கும்.