மோட்டார் பந்தய மரபில் சிறப்புப் பதிப்பு குரோனோகிராஃப் கடிகாரங்கள்: எது கருவி, எது அலங்காரம்?

பெங்களூரு: மோட்டார் பந்தய மரபை முன்னிறுத்தும் சிறப்புப் பதிப்பு குரோனோகிராஃப் கடிகாரங்கள், பெங்களூருவின் சொகுசுக் கடிகார விற்பனையகங்களில் பல லட்சம் ரூபாய் விலையில் கிடைக்கின்றன. கறுப்பு முகப்பு, சிவப்பு முள், துளையிட்ட தோல் பட்டை, பின்மூடியில் பொறித்த எண் ஆகியவை இவற்றின் வழக்கமான அடையாளங்கள். இவற்றுள் எது பந்தயத்தில் பயன்பட்ட கருவியின் மிச்சம், எது வெறும் அலங்காரம் என்பது விலை கொடுப்பவர் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

குரோனோகிராஃப் என்பது நேரம் காட்டும் கடிகாரத்திற்குள்ளேயே அமைந்த ஸ்டாப்வாட்ச். பக்கவாட்டில் உள்ள ஒரு பொத்தான் அதை ஓட்டவும் நிறுத்தவும் செய்கிறது. மற்றொன்று முள்ளைப் பூஜ்யத்திற்குத் திருப்புகிறது. முகப்பிலுள்ள சிறு வட்டங்கள் கடந்த நிமிடங்களையும் மணிகளையும் கணக்கிடுகின்றன. கிரேக்க மொழியில் இப்பெயருக்கு 'நேரத்தை எழுதுவது' என்று பொருள். 1821-இல் பாரிஸ் குதிரைப் பந்தயத்தில் நிக்கோலா ரியூசெக் பயன்படுத்திய கருவி, சுழலும் முகப்பின்மீது மைப்புள்ளி இட்டு நேரத்தை உண்மையாகவே எழுதியது. ஆக, இக்கருவி காருக்கு முன்பே குதிரையோடு ஓடியிருக்கிறது.

காரோடு இதை இணைத்தது டாக்கிமீட்டர் எனப்படும் அளவுகோல். முகப்பைச் சுற்றியுள்ள வளையத்தில் 60, 80, 120, 180 என எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பெங்களூரு - ஓசூர் நெடுஞ்சாலையில் ஒரு கிலோமீட்டர் கல்லைக் கடக்கும்போது பொத்தானை அழுத்தி, அடுத்த கல்லில் நிறுத்தினால், முள் நிற்கும் இடத்திலுள்ள எண்ணே மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்பதைக் காட்டும். 3,600-ஐக் கடந்த நொடிகளால் வகுத்தால் கிடைக்கும் விடையே அது: 45 நொடிக்கு 80, 30 நொடிக்கு 120. பெரும்பாலான கடிகாரங்களில் இந்த அளவுகோல் 60-உடன் முடிந்துவிடுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு நிமிடத்திற்கு மேல் பிடித்தால் அதனால் பயனில்லை. சில்க் போர்டு சந்திப்பின் மாலை நேர நெரிசலில் எவ்வளவு விலையுயர்ந்த டாக்கிமீட்டரும் வெறும் ஓவியமே.

சுவிட்சர்லாந்தின் ஹாயர் நிறுவனம் 1963-இல் வெளியிட்ட கரேரா, பந்தய ஓட்டுநர் ஒரே பார்வையில் படிப்பதற்காகத் தெளிவான முகப்புடன் வடிவமைக்கப்பட்டது. 1950 முதல் 1954 வரை மெக்சிகோவில் நடந்து, பலரது உயிரைப் பறித்த கரேரா பனமெரிக்கானா சாலைப் பந்தயத்தின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அதே ஆண்டில் ரோலெக்ஸ் அறிமுகப்படுத்திய குரோனோகிராஃப், அமெரிக்காவின் டேடோனா பந்தயத் தடத்தின் பெயரால் அறியப்படுகிறது. ஹாயரின் சதுர வடிவ மொனாக்கோ 1969-இல் வந்தது. 1971-இல் வெளியான 'லே மான்ஸ்' திரைப்படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்குவீன் அதை அணிந்து நடித்தார். இன்று பெரும் புகழுடன் மறுபதிப்பாகும் அந்தக் கடிகாரம், அன்று போதிய அளவில் விற்கவில்லை.

மரபுக்குச் சந்தை கொடுக்கும் விலைக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நடிகரும் பந்தய ஓட்டுநருமான பால் நியூமன் அணிந்த ரோலெக்ஸ் டேடோனா, 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்கு, அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 115 கோடி ரூபாய்க்கு விற்பனையானது. கவனமாக வண்டி ஓட்டும்படி அவரது மனைவி பொறித்துக் கொடுத்த வாசகம் அதன் பின்மூடியில் இருந்தது. அந்த விலை இயந்திரத்திற்கானது அன்று. அதை அணிந்த மனிதருக்கானது.

ஏனெனில் பந்தயத் தடத்தில் கைக்கடிகாரத்தின் பணி எப்போதோ முடிந்துவிட்டது. இன்றைய பெரும்பாலான இயந்திர குரோனோகிராஃப்கள் நொடிக்கு எட்டு முறை துடிப்பவை. நொடியில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே அவற்றால் அளக்க இயலாது. 1997-இல் ஸ்பெயினின் ஹெரெஸ் தடத்தில் நடந்த ஃபார்முலா ஒன் தகுதிச்சுற்றில் வில்நெவ், ஷூமாக்கர், ஃப்ரெண்ட்சன் ஆகிய மூவரும் 1 நிமிடம் 21.072 நொடி என ஆயிரத்தில் ஒரு பங்கு வரை ஒரே நேரத்தைப் பதிவு செய்தனர். அத்தகைய அளவீடு மின்னணுக் கருவிகளுக்கே இயலும். ஹாயரின் வழிவந்த டேக் ஹாயர், 2025 முதல் மீண்டும் ஃபார்முலா ஒன் போட்டியின் அதிகாரப்பூர்வ நேரக் கணிப்பாளராக உள்ளது.

இந்த வரலாற்றின் இரண்டு பாதிகளும் தென்னிந்தியாவிலும் உண்டு. அவை சந்தித்துக்கொள்ளவில்லை என்பதே குறை. பெங்களூருவில் எச்எம்டி 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் இணைந்து கைக்கடிகார உற்பத்தியைத் தொடங்கியது. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் இணைந்து 1984-இல் உருவாக்கிய டைட்டனின் ஆலை அருகிலுள்ள ஓசூரில் இயங்குகிறது. பந்தயத்திற்கோ, 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுதளமான சோழவரத்தில் கார்களை ஓடவிட்டது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னில் நுழைந்த முதல் இந்தியரானார். டேடோனா, மொனாக்கோ என உலகம் அறிந்த கடிகாரப் பெயர்களின் வரிசையில் சோழவரம் இன்னும் சேரவில்லை.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில. 'லிமிடெட் எடிஷன்' எனில் மொத்த எண்ணிக்கை அறிவிக்கப்பட்டு, ஒவ்வொரு கடிகாரத்திலும் வரிசை எண் பொறிக்கப்படுவது வழக்கம். 'ஸ்பெஷல் எடிஷன்' என்ற சொல்லில் அத்தகைய உறுதி எதுவுமில்லை. உள்ளே இருப்பது பேட்டரியில் இயங்கும் குவார்ட்ஸா, இயந்திரமா என்பதையும், அந்த இயந்திரத்தைப் பெங்களூருவிலேயே பழுதுபார்க்க முடியுமா என்பதையும் முன்னரே கேட்டறிவது நல்லது. குரோனோகிராஃபைப் பிரித்துச் சீரமைக்கும் செலவு சாதாரணக் கடிகாரத்தைவிட அதிகம்.

சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளுடன் இந்தியா செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்ததால், சுவிஸ் கடிகாரங்கள் மீதான இறக்குமதி வரி படிப்படியாகக் குறைகிறது. மறுபுறம், 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கைக்கடிகாரங்களுக்கு 2025 ஏப்ரல் 22 முதல் விற்பனையாளரே 1 சதவீத வரியை வசூலிக்கிறார். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது இத்தொகையைக் கழித்துக்கொள்ளலாம்.