சாஷ் ஜன்னலின் கணினி மாதிரி

சாஷ் ஜன்னல் என்பது இரண்டு கண்ணாடிக் கதவுகள் மேலும் கீழுமாக நகரும் ஆங்கிலேய மரபு ஜன்னல். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் பரவத் தொடங்கிய இது, ஜார்ஜிய, விக்டோரிய வீடுகளின் முகப்புக்கு அடையாளமாயிற்று. அவற்றைப் புதுப்பிக்கும் கட்டடக் கலைஞர்கள் இந்த ஜன்னலை ரெவிட், ஆர்க்கிகேட் போன்ற மென்பொருள்களில் உருவாக்குகிறார்கள். ஆயத்த ஜன்னல்களை நம்பினால் பெரும்பாலும் கண்ணாடிக் கட்டங்களின் எண்ணிக்கை பொருந்தும், ஆழம் பொருந்தாது.

மேல் கதவு வெளித் தடத்திலும் கீழ்க் கதவு உள்தடத்திலும் ஓடுகின்றன. நடுவே மெல்லிய மரப்பட்டை. கதவின் கனம் 45 மி.மீ., பட்டை 8 மி.மீ. என்றால், ஒரு கண்ணாடியிலிருந்து மற்றது 53 மி.மீ. தள்ளி நிற்கும். இரண்டையும் ஒரே தளத்தில் வைத்தால் கீழ்க் கதவின் மேல் விழ வேண்டிய நிழல் விழாது. முகப்பு ஒட்டிய காகிதம் போல ஆகிவிடும். ரெவிட்டில் கதவைத் தனி ஃபேமிலியாக, அதாவது மீண்டும் பயன்படுத்தக்கூடிய மாதிரிப் பொருளாக, வரைந்து, ஜன்னல் ஃபேமிலிக்குள் இருமுறை செருகுவது வசதி. கீழ்க் கதவு உயரும் அளவை ஒரு பாராமீட்டராக வைத்தால், கப்பிக் கயிற்றில் தொங்கும் எடை அதே அளவு இறங்கும்படி சூத்திரம் எழுதலாம். வெட்டுப்படம் கேட்காத வேலைக்கு இந்த எடைகளை வரைவது வீண்.

அவற்றை மறைக்கும் பெட்டி நிலையை மட்டும் விட முடியாது. தீ பரவுவதைத் தடுக்க, 1709ஆம் ஆண்டின் லண்டன் கட்டடச் சட்டம் நிலையைச் சுவரின் வெளிமுகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னது. 1774ஆம் ஆண்டுச் சட்டம் பெட்டியையே வெளிச் செங்கல்லுக்குப் பின்னால் ஒளிக்க வைத்தது. ஆகவே அதன்படி கட்டிய வீடுகளில் சுவர்த் திறப்பு வெளியே குறுகலாகவும் உள்ளே அகலமாகவும் இருக்கும். ரெவிட்டின் ஜன்னல் டெம்ப்ளேட்டோ சுவரை ஒரே அகலத்தில் செவ்வகமாக வெட்டுகிறது. அந்தத் திறப்பை நீக்கிவிட்டு, இரண்டு அகலங்களில் படிபோல வெட்ட வேண்டும்.

காலத்துக்கேற்ற மாற்றங்கள் எளிது. ஜார்ஜிய ஜன்னலில் கதவுக்கு ஆறு சிறு கண்ணாடிகள் வழக்கம். 1845இல் கண்ணாடி வரி நீங்கிய பின் பெரிய, கனத்த கண்ணாடிகள் வந்தன. அந்தப் பாரத்தைத் தாங்க, கதவின் ஓரக்கட்டைகளைக் கொம்பு போல நீட்டி மூட்டை வலுப்படுத்தினார்கள். இந்தக் கொம்பு ஆம்/இல்லை பாராமீட்டராக இருப்பது நல்லது. 1780ஆம் ஆண்டு வீட்டுக்குக் கொம்பு வைத்த வரைபடங்களை இன்றும் பார்க்கலாம்.

தரைப்படத்தில் இன்னொரு சிக்கல். வெட்டும் உயரம் வழக்கமாக 1200 மி.மீ. என்பதால் அது பெரும்பாலும் கீழ்க் கதவின் ஊடே போகும். மேல் கதவு படத்தில் வராது. அதைக் குறியீட்டுக் கோடுகளால் சேர்க்க வேண்டும்.

பக்கவாட்டில் நகரும் யார்க்‌ஷயர் ஜன்னலுக்கு எடையும் கப்பியும் இல்லை. அதைத் தனி ஃபேமிலியாகவே வரைவது சுலபம்.