மணல் போன திசை

மெரினாவில் சுண்டல் பொட்டலத்தோடு கால் புதைய நடப்பவர், அந்த மணலில் பெரும்பங்கு வடக்கே ராயபுரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது என்று நினைப்பதில்லை. ஒரு நகரத்தின் தென்பாதிக்கு உலகம் அறிந்த கடற்கரையும் வடபாதிக்குக் கருங்கல் குவியலும் வாய்த்தது இயற்கையின் ஓரவஞ்சனை அல்ல. இடையில் ஒரு துறைமுகம் வந்தது.

சென்னைக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். மீனவர் குப்பத்தில் அதற்குத் தெண்டி என்று பெயர். வடகிழக்குப் பருவக்காற்று பிடித்ததும் திசை திரும்பி வன்னி வரும். வன்னிக்கு ஆயுசு கம்மி. அதனால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் வடக்கு நோக்கித்தான் பயணப்படும். லட்சக்கணக்கான கன மீட்டர் கணக்கில், வருஷம் தவறாமல்.

இந்தப் பாதையின் குறுக்கே 1870களில் கல் விழ ஆரம்பித்தது. அதற்கு முன்பு மதராஸுக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட, மசூலாப் படகுகள் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தன. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் இரண்டு கரங்கள் நீண்டன. 1881 நவம்பர் புயல் அவற்றை உடைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். தெற்குக் கரத்தில் மோதிய மணல் அங்கேயே தங்கிக் கரை அகன்றது. அந்தக் கரையில்தான் கவர்னர் கிராண்ட் டஃப் 1880களில் உலாச்சாலை போட்டு மெரினா என்று பெயரும் வைத்தார். வடக்கே, வரவேண்டிய மணல் வராமல், கடல் கரையைத் தின்னத் தொடங்கியது.

இது யாருக்கும் தெரியாமல் நடந்ததா? இல்லை. 1904இல் துறைமுகத் தலைவராக வந்த பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங் மணல் நகர்வை அளந்து, லண்டன் பொறியாளர் சங்கத்தின் ஏட்டில் விரிவாக எழுதியவர். கிழக்குப் பார்த்த வாசலை மணல் அடைப்பதைக் கண்டு அதை மூடிவிட்டு, வடகிழக்கில் புது வாசல் திறக்க வைத்ததும் அவர்தான். அவர் முன்னிருந்த கேள்வி, மணலிடமிருந்து துறைமுகத்தை எப்படிக் காப்பது என்பது. துறைமுகத்திடமிருந்து ராயபுரத்தை எப்படிக் காப்பது என்று கேட்க அவருக்குச் சம்பளம் இல்லை.

அந்தக் கேள்வி வகுப்பறைக்குள் வர இன்னும் அறுபது, எழுபது ஆண்டுகள் பிடித்தன. இத்தனைக்கும் பொறியியல் கல்வி இந்த ஊருக்குப் புதிதல்ல. இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர், 1794இல் தொடங்கிய சர்வே பள்ளி. அதற்கு வித்திட்ட மைக்கேல் டாப்பிங், வங்கக் கடலின் கரைகளையும் நீரோட்டங்களையும் அளந்தவர்! ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தேவைப்பட்டது நிலத்தை அளக்கும் ஆள். சங்கிலி பிடிக்கத்தான் பையன்கள் பழகினார்கள்.

மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் தொடங்கிய சென்னை ஐஐடியில், 1970களின் பிற்பாதியில் கடல் பொறியியலுக்கென்று தனி மையம் வந்தது. அங்கே தொண்ணூறு மீட்டர் நீளத்தில் ஒரு அலைத் தொட்டி உண்டு. ஒரு முனையில் துடுப்புப் பலகை முன்னும் பின்னும் அசைந்து அலை எழுப்பும், மறுமுனையில் எம்.டெக்., பிஎச்.டி. மாணவர்கள் சிறிய அளவில் கல்லடுக்கு கட்டி, எந்த அலைக்கு எந்தக் கல் உருளுகிறது என்று பார்ப்பார்கள். கடலோரப் பொறியியல் பாடத்தில் மதராஸ் துறைமுகம் உலகெங்கும் சொல்லப்படும் உதாரணம். இந்த மாணவர்களுக்கோ அது ரயில் ஏறினால் எட்டிவிடும் தூரம்.

அதற்குள் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தெருக்களும் வீடுகளும் கோயில்களும் போயிருந்தன. கடல் எண்ணூர் விரைவுச் சாலையையே கடித்தது. அரசு லாரி லாரியாகக் கருங்கல் கொட்டியது. கல் நின்ற இடம் பிழைத்தது. கல் முடிந்த இடத்துக்கு வடக்கே அரிப்பு இடம் மாறியது. தவிர, கல் மேட்டில் கட்டுமரத்தை எப்படி ஏற்றுவது, வலையை எங்கே உலர்த்துவது?

சென்னை ஐஐடியின் பேராசிரியர் வி. சுந்தரும் அவருடைய துறையினரும் கொடுத்த யோசனை வேறு. கரையை ஒட்டிச் சுவர் எழுப்பாமல், கரைக்குக் குறுக்கே கடலுக்குள் கற்சுவர்களை நீட்டுவது. இரண்டு சுவருக்கு நடுவே மணல் தங்கும். வடசென்னையில் அதன் பெயர் தூண்டில் வளைவு. ராயபுரத்துக்கு வடக்கே 2004இல் அவை வரிசையாக எழுந்தன. அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. எந்தத் தொட்டியிலும் வைத்துப் பார்க்க முடியாத பரீட்சை அது. சுவர்கள் நின்ற கரையில் அலை எப்படி நடந்துகொண்டது என்பதே பிறகு அந்தத் துறையின் ஆய்வுப் பொருளானது.

சில இடங்களில் மணல் திரும்பியது, படகுகளும் திரும்பின. ஆனாலும் கடைசி வளைவுக்கு வடக்கே என்ன ஆகும் என்ற பழைய கணக்கு தீரவில்லை. எண்ணூர்க் குப்பங்கள் தங்களுக்கும் தூண்டில் வளைவு வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தன. மணலைத் தடுத்த இடத்துக்கு வடக்கே கடல் கரையைத் தின்னும்: இதில் மீனவர் சொன்னதும் தொட்டி சொன்னதும் ஒன்றுதான். முன்னவர்கள் அதை இலவசமாகச் சொன்னார்கள், யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூரின் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. வன்னிக் காலம். எண்ணெய் தெற்கே மிதந்து வந்தது; அது போகும் பாதையை ஐதராபாத்திலிருந்து இன்காயிஸ் என்ற கடல் தகவல் மையத்தின் விஞ்ஞானிகள் கணினியில் கணித்துச் சொன்னார்கள். எர்ணாவூரில், மணலைப் பிடிக்கக் கட்டிய தூண்டில் வளைவின் மூலையில் அந்தக் கறுப்புக் குழம்பு வந்து தேங்கியது. மீனவர்களும் கல்லூரி மாணவர்களும் கல்மேல் வரிசையாக நின்று அதை வாளி வாளியாகக் கைமாற்றிக் கரையேற்றினார்கள்.