சாட்சி சொல்ல மிஞ்சியவர்கள்

பழையனூர் நீலி கதை நம் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. வணிகனுக்குப் பிணை நின்ற எழுபது வேளாளர்கள், அவன் உயிர் போனதும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்கள். திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரில் அவர்களுக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. ஆனால் எழுபது பேரில் நடந்ததைச் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. கல்தான் சாட்சி.

போபாலில் மனிதர்கள் மிஞ்சினார்கள். 1984 டிசம்பர் 2 நள்ளிரவு, யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் வாயு கசிந்தது. அரசு முதலில் சொன்ன சாவுக் கணக்கு 2,259. பிறகு மத்தியப் பிரதேச அரசு 3,787 என்றது. பிழைத்தவர்கள் சொல்வது அதைவிடப் பல மடங்கு. கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். கோப்பில் எண் ஏறும், குரல் ஏறாது.

அந்தக் குரல்களுக்காகவே 2014 டிசம்பரில் போபாலில் ஒரு வீட்டில் நினைவு அருங்காட்சியகம் திறந்தார்கள். அரசுப் பணமோ கம்பெனிப் பணமோ வாங்கவில்லை. இறந்தவர்களின் துணிமணி, சாமான்களைக் குடும்பத்தாரே கொடுத்தார்கள். பக்கத்தில் உள்ள தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தால், பிழைத்தவரே பேசுவார்.

அந்த இரவைப் பற்றி போபால்வாசிகள் பலரும் சொல்வது ஒன்றுதான்: மிளகாயை எரித்தது போலக் கண் எரிந்தது, எது என்னவென்று தெரியாமல் ஓடினோம். ஓட ஓட மூச்சு வாங்கி, நஞ்சு இன்னும் உள்ளே போனது. முகத்தை ஈரத்துணியால் மூடச் சொல்ல ஆள் இல்லை. மருத்துவர்களுக்கே அது என்ன வாயு என்று தெரியவில்லை.

காப்பாற்றியவர்களும் உண்டு. ரயில் நிலையத்தில் பணியில் இருந்த துணைக் கண்காணிப்பாளர் குலாம் தஸ்தகீர், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல், நின்றிருந்த ரயிலை நேரத்துக்கு முன்பே அனுப்பிவைத்தார். தான் நிலையத்தை விட்டுப் போகவில்லை. அவர் 2003இல் காலமானார்.

அன்று இருபது வயதில் இருந்தவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். இன்னும் சில ஆண்டுகளில் நேரில் சொல்ல ஆள் இருக்காது. பதிவான குரல்தான் மிஞ்சும்.

இது நமக்கு எதற்கு என்பீர்கள். கும்மிடிப்பூண்டி, மணலி ஆலைகளுக்கு நம் பிள்ளைகள் தினம் வேலைக்குப் போகிறார்கள். போபாலுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அபாயமான ஆலை, தன்னிடம் உள்ள ஆபத்தையும் தற்காப்பு முறையையும் தொழிலாளிக்கும் சுற்றியுள்ள ஊராருக்கும் சொல்லியாக வேண்டும். கேட்பது நம் உரிமை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் என்ன வாயு இருக்கிறது, கசிந்தால் எந்தப் பக்கம் போவது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரியுமா? இன்றே கேட்டு வையுங்கள்.