தோம்பும் உறுதியும்: யாழ்ப்பாணக் காணிப் பதிவு பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்துப் பழைய காணி வழக்குகளிலே ‘தோம்பு’ என்னும் சொல் அடிக்கடி எதிர்ப்படும். இது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். லிஸ்பன் நகரத்து அரச சுவடிக்கூடத்தின் பெயரிலும் இதே சொல் இன்றளவும் நிலைத்திருக்கின்றது. ஆயின், இங்கு எழுதப்பட்ட தோம்பு வரிக் கணக்கேயாகும். காணி யாருடையது என்பதை நிலைநாட்டுதல் அதன் நோக்கமன்று. யாரிடம் இறை கேட்பது என்பதை அறிதலே நோக்கம். இவ்வேறுபாட்டை மறந்து தோம்பை உரிமைப் பத்திரமாகவே கொள்வது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது.

கோட்டை இராச்சியத்துக்கு 1613–1615 காலப்பகுதியில் அந்தாவோ வாஸ் பிறெயிரே என்னும் இறைவரி அதிகாரி தோம்பு தொகுத்தான். 1619இல் யாழ்ப்பாணம் வீழ்ந்தபின் அம்முறை இங்கும் வந்தது. 1658இல் வந்த ஒல்லாந்தர் அதனை விரித்தனர். காணியின் பெயரையும் உடையவனையும் செலுத்தவேண்டிய இறையையும் நிலத்தோம்பு காட்டியது. தலைவரிக்கும் ஊழியத்துக்கும் உரியாரைத் தலைத்தோம்பு எண்ணியது. ஞானஸ்நானமும் திருமணமும் பாடசாலைத் தோம்பில் ஏறின. இம்மூன்றும் தனித்தனி ஏடுகளாயினும் ஒன்றையொன்று தாங்கி நின்றவை. பாடசாலைத் தோம்பில் ஏறாத மணத்தின் பிள்ளை தந்தையின் காணிக்கு வாரிசு என நிறுவுவதில் இடர்ப்பட்டது. வீட்டிலே சைவ முறைப்படி நடந்த மணத்தைத் தேவாலயத்திலும் எழுதுவித்தமைக்குக் காரணம் பக்தி அன்று என்பதை விளக்கவும் வேண்டுமோ?

இவ்வேடுகளுக்கு விவரம் அளித்தோர் ஊர்த் தலைமைக்காரர். உழுதவன் பெயர் நிலத்தோம்பில் வருவதற்கு இடமே இருக்கவில்லை. அவன் வாரக்குடியாகவோ அடிமையாகவோ வாழ்ந்தவன். 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தபோதும் அவனுக்குக் காட்டுவதற்கு ஓர் ஏடும் இருந்ததில்லை.

பதிவோடு ஒத்துவராத மற்றொன்று நமது உரிமை வழக்கு. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியாற் சட்ட வலுப்பெற்ற தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தைப் பகுக்கின்றது. ஒவ்வொரு திருமணமும் ஒரு காணியைத் துண்டாக்கும். ஓர் ஏக்கர் பதினாறு பரப்பு. நால்வர் நால்வராக இரு தலைமுறை பிரியின் ஆளுக்கு ஒரு பரப்பே எஞ்சும். அதுவும் பெரும்பாலும் எல்லை பிரியாப் பங்காகவே நிற்கும். ஏட்டிலோ பாட்டனின் பெயர் கிடக்கும். விற்க முனைவோன் தன் எண்ணத்தை மூன்று ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அறிவிக்க வேண்டும் என ஒல்லாந்தர் காலத்தில் விதித்தமையும், ஏடு மட்டும் போதாது, ஊராரின் நினைவும் வேண்டும் என்பதனாலே எனலாம்.

ஆங்கிலேயர் தோம்பைப் புதுப்பித்து வரவில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணி விற்பனைக்கு நொத்தாரிசு உறுதியை வேண்டிற்று. 1863இல் உறுதிகளைப் பதியும் ஏற்பாடு வந்தது. இப்பதிவு உறுதியையே பதிகின்றது. எழுதிக்கொடுத்தவனுக்கு அக்காணியில் உரித்து உண்டோ என ஆராய்வதில்லை. 1892இல் தானிய வரி நீக்கப்பட்டது. உழவர் மகிழ்ந்தனர், மகிழ்ந்தமை தக்கதே. ஆயினும், இறை ஒழிந்ததும் வயல்தோறும் உடையவனைத் தேடிப் பதியவேண்டிய தேவை அரசுக்கு அருகிற்று. நிலவரி தொடர்ந்த தமிழ்நாட்டிலே அடங்கற் கணக்கு பசலிதோறும் எழுதப்பட்டமையை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. அங்கும் அது வரிக்கான ஏடே. ஆயினும் ஆண்டுதோறும் ஒருவன் வயலைச் சென்று பார்த்தான். இங்கு பார்ப்பாரில்லை. உரித்தையே பதிவதற்கான சட்டம் 1998இல் (21ஆம் இலக்கம்) தான் இயற்றப்பட்டது.

இவ்விடைவெளியின் விலையைப் போர்க்காலம் காட்டிற்று. இடம்பெயர்ந்தோர் பலர் உறுதிகளை இழந்தனர். அவர்தம் வளவுகளிற் பிறர் குடியிருந்தனர். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, உடையவனுக்கு எதிராகப் பத்தாண்டு தடையின்றி ஆண்டவன் அக்காணிக்கு உரிமை கோரலாம். ஊருக்கே திரும்ப இயலாதவன் எவ்வாறு தடுப்பது? 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம், 1983 மே முதல் 2009 மே வரை வழக்குத் தொடர முடியாதிருந்தோர்க்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடாது விலக்கிற்று. அச்சலுகையைப் பெறச் சென்றவரும் காணி தமது என்பதற்குச் சான்று காட்டவேண்டியிருந்தது. பலரிடம் எஞ்சியிருந்தது காணியின் பெயரும் நாற்புறத்து அயலவர் பெயருமே.