எந்தச் சித்தூர்?

வடநாட்டுக்கு வந்து குடியேறிய நாள் முதல் என்னை விடாமல் துரத்தும் கேள்வி இது. "சொந்த ஊர் சித்தூர்" என்றால் இங்குள்ளவர்கள், "ராணி பத்மினி கோட்டையா?" என்பார்கள். 1963இல் வந்த சிவாஜி படத்தின் பெயரே 'சித்தூர் ராணி பத்மினி' ஆயிற்றே! பாலக்காட்டு நண்பர்களோ, "நம்ம சித்தூரா? எந்தத் தெரு?" என்று உரிமையோடு கேட்பார்கள். ஆந்திரத்துச் சித்தூர் என்று விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும்.

அப்பா காலமான பிறகுதான் இந்தக் கேள்வியின் கனம் தெரிந்தது. எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் உண்டு. ஆற்றுப் படித்துறையில் இளைஞராக அப்பா, பக்கத்தில் பெரியவர் ஒருவர். பின்புறம் "சித்தூர், 1958" என்று அப்பாவின் கையெழுத்து. அது எங்கள் ஊர் நீவா ஆறுதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தேன். ஒருநாள் என் மகள், "நீவா கரையில இப்படி ஒரு படித்துறை எங்கப்பா இருக்கு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அதன்பின் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் கேமராவோடு சித்தூர்களைத் தேடிப் புறப்பட்டேன்.

முதலில் பெயர். சிறுமை + ஊர் சிற்றூர். காற்று பேச்சில் 'காத்து' ஆவதும் நேற்று 'நேத்து' ஆவதும் போல, சிற்றூர் 'சித்தூர்' ஆனது. ஆந்திரத்துச் சித்தூருக்கும் பாலக்காட்டுச் சித்தூருக்கும் இவ்விளக்கம் பொருந்தும். ராஜஸ்தானத்துச் சித்தோர் வேறு; அதன் பழம்பெயர் சித்திரகூடம். நம் காதுக்கு ஒன்றாக ஒலிப்பதாலேயே பெயர்கள் உறவாகிவிடுவதில்லை.

எங்கள் சித்தூர் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். அந்த ஆண்டு ஏப்ரலில் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலத்தோடு சென்றது. அதை எதிர்த்து ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றோர் நடத்திய எல்லைப் போராட்டத்தை மூத்த வாசகர்கள் அறிவார்கள். படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நம் பக்கம் வந்தது. சித்தூர் நகரம் அங்கேயே நின்றுவிட்டது.

திருத்தணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1910இல் அங்கே எடுத்த படம் என்றால் வட ஆர்க்காடு மாவட்டம். 1950 என்றால் சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டம். 1955 என்றால் ஆந்திரம். 1965 என்றால் செங்கல்பட்டு மாவட்டம். 1997க்குப் பின் திருவள்ளூர் மாவட்டம். கோயிலும் மலையும் இருந்த இடத்திலேயே இருக்க, முகவரிதான் இத்தனை முறை இடம்பெயர்ந்தது. ஆண்டு எழுதாத படம் பாதி ஊமை.

திருப்பதிக்கும் இதே கதைதான். வைணவ வழக்கில் 'திருப்பதி' என்பது பெருமாள் கோயில் கொண்ட தலங்களுக்குப் பொதுப்பெயர். தாமிரபரணிக் கரையின் நவதிருப்பதியும் திருப்பதிதான். வடக்கே உள்ளதன் பழம்பெயர் வேங்கடம். தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாகச் சொல்வது அதைத்தான். திருமலைக் கோயிலுக்குள் கேமராவுக்கு இடமில்லை. ஆகவே அலிபிரிப் பாதையில் உட்கார்ந்து, படிக்குப் படி மஞ்சள் குங்குமம் இட்டு ஏறும் பெண்களைப் படமெடுத்தேன். தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே படியில் மூச்சு வாங்கின.

அங்கிருந்து குடிமல்லம். கிறிஸ்துவுக்கு முற்பட்டது என அறிஞர் பலர் கருதும் லிங்கம் இருக்கும் சிற்றூர். தமிழ்க் கல்வெட்டுகளில் அவ்வூரின் பெயர் திருவிப்பிரம்பேடு. பிறகு காளத்தி அருகே தொண்டமநாடு. முதலாம் ஆதித்த சோழன் மறைந்த இடத்தில் அவன் மகன் பராந்தகன் எழுப்பிய கோயில் அங்கே உள்ளது. 'தொண்டைமானாற்றூர் துஞ்சின உடையார்' என்று அந்த மன்னனை நினைவில் வைத்திருப்பதே ஊர்ப் பெயர்தான். இவ்விரண்டு ஊர்களும் 2022 ஏப்ரல் 4 முதல் சித்தூர் மாவட்டத்தில் இல்லை. புதிய திருப்பதி மாவட்டத்தில் இருக்கின்றன. அதற்கு முன் நான் எடுத்த படங்களின் குறிப்பையும் திருத்த வேண்டியதாயிற்று!

கோயிலைப் படமெடுக்கத் தொல்லியல் துறை இருக்கிறது. சித்தூர்ச் சந்தையில் கிளிமூக்கு மாங்காயைக் குவித்து, விலையைத் தெலுங்கில் கூவி, சில்லறையைத் தமிழில் எண்ணும் அம்மாவை யார் படமெடுப்பார்கள்? நாம்தான் எடுக்க வேண்டும்.

கடைசியாகப் பாலக்காட்டுச் சித்தூர். பழைய கொச்சி அரசைச் சேர்ந்தது. எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் மடம் இங்குதான் உள்ளது. ஆற்றுக்குச் 'சோகநாசினி' என்று பெயர். படித்துறையில் நின்று அப்பாவின் படத்தைப் பிடித்துப் பார்த்தேன். படிகளின் வளைவு, பின்னால் ஓட்டுக் கூரை, பனைமரம் எல்லாம் பொருந்தின. வேலை தேடி அலைந்த நாட்களில் அப்பா இங்கே வந்திருக்க வேண்டும். ஊர் கிடைத்துவிட்டது, உடன் நிற்கும் பெரியவர் கிடைக்கவில்லை. அங்கிருந்த முதியவர்களிடம் காட்டினேன். "யாரோ தெரியலையே" என்றார்கள். அவரை அறிந்த ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். இருக்கும்போது நான் கேட்கவில்லை.

ஆகவே சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிறு ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு பெரியவர்களோடு உட்காருங்கள். ஊர், எந்த மாநிலத்து ஊர், ஆண்டு, இருப்பவர்கள் பெயர், இந்த நான்கையும் படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். கைபேசிப் படம்தானே, இடம் தானாகவே பதிவாகும் என்று நம்பாதீர்கள். வாட்ஸப்பில் கைமாறும்போது அந்த விவரம் கழன்றுவிடும். முடிந்தால் தமிழிலேயே எழுதுங்கள். அதைப் படிப்பதற்காகவாவது பேரப்பிள்ளைகள் நாலு எழுத்துக் கற்பார்கள்.

எங்கள் படத்தின் பின்னால் அப்பாவின் எழுத்துக்குக் கீழே நானும் எழுதிவிட்டேன்: "பாலக்காட்டுச் சித்தூர், சோகநாசினிக் கரை. இடப்பக்கம் அப்பா. வலப்பக்கம்..." அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.